மைக்கைக் கழற்றிய பிறகும்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் அக்சா. பயத்தில் இல்லை, அலுப்பில். அவள் பார்த்த வேலை அப்படி. கம்ப்யூட்டர் தானாக அணைகிறது, மவுஸ் தானாக ஓடுகிறது, யாரும் சொல்லாமலே பிரிண்டர் தாளைத் துப்புகிறது என்று நாள் முழுக்க யாராவது வந்து நிற்பார்கள். எல்லோருக்கும் அவளிடம் ஒரே பதில்தான்.

"காரணம் இல்லாம ஒண்ணும் நடக்காது சார். தேடலன்னா கெடைக்காது, அவ்ளோதான்."

இனி வரும் கதையை இந்த அக்சாதான் சொன்னாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவள் கணவர் நத்தானியேல் இதற்குச் சாட்சி. அந்தச் சனிக்கிழமை கேட்டில் நின்றிருந்த வாட்ச்மேனும் சாட்சி. நம்புவதும் நம்பாமல் விடுவதும் உங்கள் பாடு. நடந்தது நடந்ததுதான்.

இரண்டாயிரத்து எட்டு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். ஆம்பூரை விட்டு வெளியே, ஹைவேக்கும் ரயில் லைனுக்கும் நடுவில் ஒரு ஷூ கம்பெனி. இத்தாலிக்குப் பெண்கள் ஷூ ஏற்றுமதி. காலையில் மாதனூர்ப் பக்கமிருந்து கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடும். அங்கே சிஸ்டம்ஸ் டிபார்ட்மென்ட் என்றால் அக்சா ஒருத்திதான். மாடியில் ஒரு சின்ன ஏசி ரூம், அதில் அவளும் பழுதான மெஷின்களும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரிச்சர்ட் சார் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர் அவர். இத்தாலிக்காரர்களிடம் அந்த லேப்டாப்பில்தான் நெட் வழியாகப் பேசுவார். கறுப்பு நிறம், செங்கல் கனம், கம்பெனி வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது.

"சூடாவுது, ஸ்லோவா இருக்குது, பேட்டரி நிக்கல. அதெல்லாம் இருக்கட்டும்மா. லைன்ல ஒரு பிரச்சன. அத மொதல்ல பாரு."

"இன்னா சார், எக்கோவா?"

அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் பேசறப்போ பின்னாடி ஒரு பொம்பள பேசறாங்களாம். நம்ம ஷூ வாங்கற இத்தாலிக்காரன் கேக்கறான், ஒன் ரூம்ல யாரு அதுன்னு. ரூம்ல நான் மட்டும்தான் இருக்கேன் அக்சா. திங்கக்கிழம பெரிய ஆர்டருக்கு கால் இருக்குது. அதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடு."

அக்சாவுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. லைன் கிராஸ் ஆகியிருக்கும், இல்லையென்றால் மைக் கெட்டிருக்கும். முதலில் மற்ற வேலைகளை முடித்தாள். விசிறியில் அடைத்திருந்த தூசியை ஊதி எடுத்தாள். லெதர் தூள் உருண்டு பஞ்சு மாதிரி வந்தது. தேவையில்லாத புரோகிராம்களைத் தூக்கினாள். வைரஸ் பார்த்தாள். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு நிமிஷம் எதுவும் பேசாமல் ரெக்கார்ட் செய்து போட்டுக் கேட்டாள்.

விசிறி இரைந்தது. ஏசி உறுமியது. அதற்கும் அடியில்...

டொக். டொக். டொக்.

கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் டொக். டொக். டொக்.

அக்சா சிரித்தாள். ஹார்ட் டிஸ்க் போகப் போகிறது. சாகும் முன்னால் ஹார்ட் டிஸ்க் இப்படித்தான் தட்டும். உள்ளே இருந்ததையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்தாள். மறுநாள் புது டிஸ்க் போட்டு, விண்டோஸையும் புதிதாக ஏற்றினாள். பழையது எதுவும் உள்ளே இல்லை. கழுவிவிட்ட பாத்திரம் மாதிரி சுத்தம்.

மறுபடி ஒரு நிமிஷம் ரெக்கார்ட் செய்தாள்.

டொக். டொக். டொக்.

இம்முறை தட்டலுக்குப் பின்னால் வேறு ஏதோ இருந்தது. வால்யூமைக் கூட்டினாள். மூச்சு மாதிரி. அப்புறம் ஒரு வார்த்தையின் வால்.

"...ங்க..."

பெண் குரல்.

அவளுக்குக் கை மயிர் எழுந்து நின்றது. ஆனாலும் அக்சா அக்சாதானே. செக்யூரிட்டியின் வாக்கிடாக்கி இழுக்கிறதோ என்னவோ. தன் மொபைலை அணைத்தாள். நெட் கேபிளைப் பிடுங்கினாள். சார்ஜரையும் எடுத்துவிட்டு வெறும் பேட்டரியில் ஓடவிட்டாள். மேசை அதிர்வாக இருக்குமோ என்று லேப்டாப்பை மடித்த துணிமேல் வைத்தாள்.

எப்படி வைத்தாலும் அந்தத் தட்டல் இருந்தது. ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் கிட்டே வந்தது.

இடம்தான் கோளாறு என்று முடிவு செய்தாள். பில்டிங் முழுக்க மோட்டார்கள், வயர்கள். வீட்டில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வியாழக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

நத்தானியேல் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவர். அப்போதுதான் வந்து, ஹாலில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். வெளியே லேசான தூறல். அக்சா உள் அறையில் கட்டில்மேல் லேப்டாப்பை வைத்து, ரெக்கார்ட் செய்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

வீட்டில் இரைச்சலே இல்லை. அதனால் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

டொக். டொக். டொக்.

"கதவத் தெறங்க..."

அக்சா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கதவத் தெறங்க... உள்ள ஆள் இருக்கு..."

நடுத்தர வயசுக் குரல். தொண்டை கட்டிய குரல். கெஞ்சல் இல்லை அதில். அவசரம் இருந்தது.

ஹாலில் நாற்காலி நகர்கிற சத்தம். நத்தானியேலின் செருப்புச் சத்தம். வாசல் தாழ்ப்பாளை நீக்கும் சத்தம்.

அக்சா ஹெட்போனைக் கழற்றினாள். "இன்னாங்க?"

"யாரோ கூப்புட்டாங்களே... கதவத் தெறங்கன்னு." தெருவைப் பார்த்தபடியே சொன்னார். "யாரையும் காணோம்."

ஹெட்போன் வயர் லேப்டாப்பில் சொருகித்தான் இருந்தது. வெளியே துளிச் சத்தம்கூட வர வழியில்லை.

அவள் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. கதவைத் தாழ் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போய், தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். இரண்டு பேரும் முழங்காலில் நின்று ஜெபம் செய்தார்கள். லேப்டாப்பை அன்று ஹாலில் வைக்கவும் மனசில்லை, படுக்கிற அறையில் வைக்கவும் மனசில்லை. நத்தானியேல் அதை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"நாளைக்கே திருப்பிக் குடுத்துடு அக்சா. வேற எங்கயாவது காட்டிக்கட்டும். நமக்கு எதுக்கு பேஜார்?"

வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்கத்தான் போனாள். ரிச்சர்ட் சார் வாங்கிக்கொள்ளவில்லை.

"சென்னைக்கு அனுப்பினா பத்து நாள் வெச்சிக்குவாங்கம்மா. திங்கக்கிழம நான் இன்னா பண்றது?"

அக்சா அவர் கையில் ஹெட்போனைக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டவர் பாதியிலேயே கழற்றிவிட்டார். 

"யாரும்மா அது?"

"தெரில சார்."

"யாருக்கோ... உதவி கேக்கற மாதிரி இருக்குதே."

 அதுவரை அக்சா அதை ஒரு கோளாறாகத்தான் தேடிக்கொண்டிருந்தாள். யாரோ உதவி கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. அது தோன்றிய பிறகு லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவும் முடியவில்லை.

சனிக்கிழமை.

சனிக்கிழமைகளில் கம்பெனி அரை நாள். ஒரு மணிக்கு சைரன் ஊதும். மற்ற நாட்களில் ஒரே நீளச் சத்தம். சனிக்கிழமை மட்டும் இரண்டு குட்டைச் சத்தங்கள். அதோடு பஸ்கள் கிளம்பிவிடும். இனி திங்கட்கிழமைதான்.

ஒரு மணி ஆக இன்னும் நேரம் இருந்தது. கீழே தையல் மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் ஓடியது. அக்சா கடைசி முயற்சியாக லேப்டாப்பைத் திறந்தாள். திருகாணிகளைக் கழற்றி, மேல் பலகையைத் தூக்கினாள். திரைக்குக் கீழே மிளகு அளவில் ஒரு மைக், அதிலிருந்து நூல் மாதிரி ஒரு வயர்.

மைக்கை வயரோடு பிடுங்கி மேசைமேல் வைத்தாள்.

இனி அந்த லேப்டாப்புக்குக் காது இல்லை. எதையும் அது கேட்க முடியாது.

ஒரு நிமிஷம் ரெக்கார்ட் செய்தாள். நிறுத்தினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அமைதி.

அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

சைரன் ஊதியது. குட்டையாக இரண்டு முறை.

ஒரு மணி ஆகிவிட்டதா என்று ஹெட்போனைக் கழற்றினாள்.

கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் எழுந்திருக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

சைரன் ஊதியது வெளியே இல்லை... ஹெட்போனுக்குள்.

மறுபடி காதில் வைத்தாள். நிறைய காலடிகள். பஸ் உறுமல். ஒவ்வொன்றாகத் தூரம் போனது. அப்புறம் ஒன்றுமில்லை. அவள் ரெக்கார்ட் செய்தது ஒரு நிமிஷம்தான். ஆனால் அது ஓடிக்கொண்டே இருந்தது.

ரயில் வந்தது. நீளமாக ஒரு ஹாரன், பிறகு துண்டு துண்டாக மூன்று. வெகு அருகில். ரயில் கடக்கும்போது இரும்பு ஏதோ அதிர்ந்தது.

ரயில் போய்விட்டது.

டொக். டொக். டொக்.

"கதவத் தெறங்க... உள்ள ஆள் இருக்கு... கதவத் தெறங்க..."

அப்போது வெளியே...

சைரன் ஊதியது.

இது நிஜம். மெஷின்கள் நின்றன. காலடிகள் எழுந்தன. பெண்களின் பேச்சு, டிபன் கேரியர் சத்தம். பஸ் உறுமியது. ஒன்று போனது. இன்னொன்று போனது. ஜெனரேட்டர் நின்றது. அக்சா நாற்காலியில் ஒட்டிக்கொண்டு கிடந்தாள்.  "வேணாம் ஆண்டவரே... வேணாம்..." என்று வாய் மட்டும் முணுமுணுத்தது.

ரயில் வந்தது.

நீளமாக ஒரு ஹாரன்.

பிறகு துண்டு துண்டாக மூன்று.

அக்சா எழுந்து ஓடினாள்.

படியில் இறங்கும்போதே அவள் மூளை வேலை செய்தது. ரயில் வந்தால் இரும்பு அதிர்கிற அளவுக்கு லைனுக்குப் பக்கத்தில் இருப்பது பின் காம்பவுண்ட் மட்டும்தான். அங்கே இரும்புக் கதவு ஒன்றுதான். சொல்யூஷன் ஸ்டோர். ஷூ ஒட்டுகிற பசையை டிரம் டிரம்மாக அடுக்கி வைத்திருக்கிற அறை. ஜன்னல் கிடையாது.

கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

பதில் இல்லை.

கதவில் காதை வைத்தாள். தட்டல் இல்லை. குரல் இல்லை. மழைத்தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

அவள் கேட்டை நோக்கி ஓடினாள். ஸ்டோர் கீப்பர் பஞ்சாட்சரம் அப்போதுதான் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அக்சா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்யூஷன் ஸ்டோர் சாவி குடுங்க."

"இன்னா மேடம், இப்பதான் பூட்டிட்டு வர்றேன்."

"உள்ள ஆள் இருக்கு."

"யாரு? நான் கொரல் குடுத்துப் பாத்துட்டுதான் பூட்டுனேன். யாரும் இல்ல."

"தெறந்து காட்டுங்க."

"எங்க ஊரு பஸ்சு போய்டும் மேடம். வண்டிய ஆம்பூர்ல போட்டுட்டு கலவை பஸ் புடிக்கணும் நான். ஒங்களுக்கு யாரு சொன்னாங்க?"

 அக்சா என்ன சொல்வாள்? மைக் இல்லாத லேப்டாப் சொன்னது என்றா? வாட்ச்மேன் கூண்டைவிட்டு வெளியே வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் ஹேண்டில்பாரை விடவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"யாரும் இல்லன்னா திங்கக்கிழம நான் வேலைய விட்டுட்டுப் போய்டறேன் சார். இப்ப தெறங்க. கால்ல விழுறேன், தெறங்க."

பஞ்சாட்சரம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மொபெட்டை ஸ்டாண்டு போட்டார். வாட்ச்மேனும் கூடவே வந்தார்.

கதவு திறந்ததும் நெடி முகத்தில் அறைந்தது. மூன்று பேரும் இருமினார்கள். உள்ளே கும்மிருட்டு. வாட்ச்மேன் டார்ச் அடித்தார்.

டிரம். டிரம். டிரம்.

ஒரு டிரம்மின் மூடி சரிந்திருந்தது. அதற்குப் பின்னால்...

ஒரு கால்.

நீல ஏப்ரன் போட்ட ஒரு பெண் சுவரில் சாய்ந்து கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

பஞ்சாட்சரம் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "நான் கூப்புட்டேன் மேடம்... சத்தியமா கூப்புட்டேன்..."

அக்சாவும் வாட்ச்மேனும் அந்தப் பெண்ணை இழுத்து மழையில் போட்டார்கள். வாட்ச்மேன் கன்னத்தில் தட்டினார். அக்சா கையைத் தேய்த்துவிட்டாள். நெஞ்சு ஒருமுறை ஏறியது. வெகு நேரம் கழித்து இன்னொரு முறை ஏறியது. கம்பெனி ஜீப்பில் ஏற்றி, ஆம்பூரில் ஆக்ஸிஜன் வைத்து, வேலூருக்கு அனுப்பினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் பிணத்தைத்தான் எடுத்திருப்பீர்கள் என்றார் டாக்டர்.

அவள் பெயர் தில்ஷாத். பசை ஒட்டுகிற செக்ஷன். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மீந்த சொல்யூஷன் டப்பாவை வைக்க உள்ளே போனவள், தலை சுற்றி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை ரிச்சர்ட் சார் இத்தாலியோடு பேசினார். லைன் சுத்தமாக இருந்தது. அவருக்குக் காட்டலாம் என்று அக்சா தான் ரெக்கார்ட் செய்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டாள். எல்லாவற்றிலும் விசிறி இரைச்சல்தான். தட்டலும் இல்லை, குரலும் இல்லை. சனிக்கிழமை பதிவு சரியாக ஒரு நிமிஷம் ஓடி நின்றது. அதில் ஒன்றுமே இல்லை.

அந்த ஸ்டோரில் முன்னால் யாராவது இறந்திருக்கிறார்களா என்று அக்சா விசாரித்தாள். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற ஆட்களைக் கேட்டாள். அப்படி யாரும் இல்லை என்றார்கள். ஒருவர் மட்டும் ஏனோ பதில் சொல்லாமல் எழுந்து போனார்.

புதன்கிழமை மத்தியானம் அக்சா வேலூருக்குப் போய் தில்ஷாத்தைப் பார்த்தாள். பளீரென்று வெயில் அடித்த நாள். வார்டு நிறைய ஆட்கள். தில்ஷாத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா பக்கத்தில் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்.

"கதவத் தெறக்க வெச்ச மேடம் இவங்கதான்" என்று நர்ஸ் சொன்னார். தில்ஷாத் அக்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து அவள் முதலில் கேட்டது இதுதான்.

"அந்த அக்கா நல்லா இருக்காங்களா மேடம்?"

"எந்த அக்கா?"

"என்கூட உள்ள மாட்டிக்கினாங்களே. அவங்கதான் கதவத் தட்டித் தட்டிக் கத்தினு இருந்தாங்க. எனக்கு வாயே வர்ல."

அக்சா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ள நீ மட்டும்தாம்மா இருந்த."

தில்ஷாத் தலையை ஆட்டினாள். குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள்.

"இல்ல மேடம். இருந்தாங்க. மூஞ்சி தெரில, இருட்டு. என் தோள்ல கைய வெச்சாங்க. கை ஜில்லுனு இருந்துச்சு. 'அழாத, இந்த வாட்டி கேக்கறதுக்கு ஒருத்தி இருக்கா. அக்சா வந்துடுவா'ன்னு சொன்னாங்க."

அவள் அக்சாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்சான்றது யாரு மேடம்?"